ஏழாம் நம்பர் தண்ணீர்

கடல் தண்ணீரை நாக்கில் வைத்தவர்கள் எல்லாரும் “உப்பு” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். சொட்டக்காவிடம் அப்படிச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். எந்த உப்பு என்று கேட்பாள். சமையல் உப்பு இருக்கிறது, பெரிய பங்கு அதற்குத்தான். வயிற்றைக் கழுவக் கொடுக்கிற பேதி உப்பு இருக்கிறது. சுண்ணாம்பு இருக்கிறது, பொட்டாசியம், புரோமின், துளியூண்டு போரான் எல்லாம் இருக்கிறது. உலகத்தில் எந்தக் கடலில் அள்ளினாலும் தண்ணீர் கூடும் குறையும், உப்புகளுக்குள்ளே இருக்கிற பங்கு மட்டும் மாறாது. மூத்ததற்கு இவ்வளவு, இளையதற்கு இவ்வளவு என்று எந்தக் காலத்திலோ பாகம் பிரித்தாயிற்று, அதற்கப்புறம் ஒரு சண்டை கிடையாது. மனிதக் குடும்பத்தில் இப்படி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அதனால் ஒன்றை அளந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சொட்டக்கா அளப்பது குளோரைடு. குடுவையில் கடல் தண்ணீரை எடுத்து, மஞ்சள் மருந்து நாலு சொட்டு விட்டு, மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். பால் திரிந்ததுபோல வெள்ளையாகத் திரளும். திரண்டு திரண்டு, குளோரைடு தீர்ந்துபோன அந்த நொடியில் ஒரே ஒரு சொட்டில் மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் தட்டும். அங்கே குழாயை மூடிவிட்டு, எத்தனை மில்லி இறங்கியது என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு கெட்டது. “சொட்டு சொட்டா விடு, என்ன வெள்ளம் வந்துச்சா உனக்கு?” என்று புதிதாக வந்தவர்களையெல்லாம் பத்தொன்பது வருஷமாகத் திட்டியதில்தான் அந்தப் பெயர். வெள்ளி பட்டுப் பட்டு அவள் வலது கையில் இரண்டு விரல்கள் கறுத்தே போயிருந்தன. இதையெல்லாம் நொடியில் சொல்லிவிடுகிற மெஷின் ஒன்றும் அவள் வேலை பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் இருந்தது. ரிப்பேருக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது, திரும்பி வந்தபாடில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை ஏழு இடங்களில் தண்ணீர் எடுத்துவர வேண்டும். ஒன்றிலிருந்து நாலு வரை கரையோரம். ஐந்து, ஆறு, ஏழு உள்ளே போகப் போக ஆழம். ஏழில் நின்று பார்த்தால் கரை தெரியாது. எடுத்துவருகிறவன் அவள் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்கு இருபது. தலை வாரிவிட்டதிலிருந்து பெண் பார்த்தது வரை இவள்தான். இந்த வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டதும் இவள்தான். படகில் இரண்டு பேர் போக வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது ஆள் வேலையை விட்டுப் போனபிறகு புது ஆள் வரவில்லை, தம்பி தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தான். சட்டம் சுவரில் ஒட்டியபடி இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் படகின் இயந்திரம் நின்றுபோனது. ஒரு பகல் முழுக்க அவன் அலையில் கிடந்தான். பொழுது சாயும் நேரத்தில் எப்படியோ கிளம்பிவிட்டது, வந்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் தண்ணீர் வந்தது. சொட்டக்கா ஒன்று முதல் நாலு வரை முடித்து, ஐந்தை எடுத்தாள். பதினைந்தரை மில்லியிலேயே சிவந்துவிட்டது. ஆறும் அப்படியே. ஏழும் அப்படியே. ஆழ்கடல் தண்ணீர் பத்தொன்பதைத் தாண்டினால்தான் சிவக்கும். பதினைந்தரையில் சிவக்கிற தண்ணீர் அந்தப் பக்கத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு, ஆறு வந்து கடலில் விழுகிற முகத்துவாரத்தில். முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். மூன்று தடவை செய்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

“எங்கடா எடுத்த இதை?”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “முகத்துவாரத்துல. மணல் திட்டு இருக்குல்ல, அங்க படகைக் கட்டிட்டு எடுத்தேன்.”

“மூணையுமா?”

“நாலைத் தாண்டினா கை நடுங்குதுக்கா. கரை மறைஞ்சதும் மூச்சு முட்டுது. என்னால முடியல. ஒரு மாசம் பொறுத்துக்கோ, சரியாயிடும்.”

சொட்டக்கா என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன? போன வருஷத்து நோட்டை எடுத்தாள். ஏழாம் நம்பருக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்து, கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி இந்த மாதத்துக் கட்டத்தில் எழுதினாள். பத்தொன்பது புள்ளி மூன்று ஏழு. பத்தொன்பது வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய். ஒரு மாதம் ஏழு மாதம் ஆனது. மாதத்துக்கு மூன்று என்று இருபத்தொரு பொய். ஆய்வுக்கூடத் தலைவர் ஒவ்வொரு மாதமும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துக் கையெழுத்துப் போட்டார். “உங்க எண்ணெல்லாம் ஆணி அடிச்ச மாதிரி நிக்குதும்மா” என்று ஒரு தடவை பாராட்டினார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி முதலில் வெட்கப்பட்டான், போகப் போகப் பழகிவிட்டான். பொய்க்கு உள்ள குணம் அது. “ஆத்துத் தண்ணில ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுட்டா உன் மருந்துக்குத் தெரியவா போகுது?” என்று ஒரு நாள் சிரித்தான்.

“தெரியும்டா. நீ போடறது ஒரு உப்பு. மத்த உப்பெல்லாம் சேர்ந்து உன்னைக் காட்டிக் கொடுத்துடும்.”

“அதுங்களுக்கு எம்மேல என்ன கோபம்?”

அவளும் சிரித்துவிட்டாள். அவன் சிரித்தால் அவளால் சிரிக்காமல் இருக்க முடியாது. அதுதான் அவளுடைய வியாதி.

போன வாரம் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதே ஏழு இடங்களில் அவர்களும் தண்ணீர் எடுத்து நம் எண்களோடு ஒப்பிடப் போகிறார்கள். சொட்டக்கா இருபத்தொரு கட்டத்தையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே தம்பியைத் தன் வீட்டுக்கு வரவழைத்தாள். அவன் வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, வழக்கம்போல, “என்ன வச்சிருக்க சாப்பிட?” என்றான். அதைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

“நாளைக்குப் போற. ஏழு வரைக்கும் போற. ஏழுல பாட்டிலை மூணு தடவை அந்தத் தண்ணியிலேயே அலசிட்டு, காத்து இல்லாம விளிம்பு வரைக்கும் ரொப்பற. மூடிக்கு மேல டேப் சுத்தற. சீட்டுல பேனாவால எழுதி எழுதி மை கரைஞ்சு வருதுல்ல, இந்தத் தடவை பென்சில்ல எழுதற.”

“அக்கா, அடுத்த மாசம்...”

“அடுத்த மாசம் என் வேலை போகும்டா. ஏழு மாசமா உனக்காக என் கையால பொய் எழுதியிருக்கேன். எவன் எவனோ தினம் கடலுக்குப் போயிட்டு வரான், உனக்கு மட்டும் என்ன கேடு? தொடைநடுங்கி. உன்னைத் தூக்கி வளர்த்ததுக்கு ஒரு தென்னையை வளர்த்திருக்கலாம்.”

தம்பி எழுந்து நின்றான். அவள் எத்தனையோ திட்டியிருக்கிறாள். கழுதை, எருமை, உருப்படாதவன் எல்லாம் அவனுக்குச் செல்லப் பெயர் மாதிரி. இது உள்ளே போய்விட்டது. அவன் ரகசியமாக நம்பிச் சொன்ன பயத்தையே எடுத்து அவன் முகத்தில் எறிந்தாள், அதுதான் காரணம். “சரி, போறேன்” என்றான். சாப்பிடாமல் போய்விட்டான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கொஞ்சம் உறைக்கட்டும் என்று அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை படகு போனது. சாயங்காலம் வரவில்லை.

புதன்கிழமை தேடல் படகுகள் கிளம்பின. தேடல் அதிகாரி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, “கடைசியா அவர் இருக்க வேண்டிய இடம் ஏழுதானே?” என்று கேட்டார். தலைவர் ஆமாம் என்றார். சொட்டக்காவின் வாய் வரை வந்துவிட்டது. “முகத்துவாரத்துப் பக்கமும் கொஞ்சம் பாருங்க சார்” என்றாள். அங்கே அவனுக்கு என்ன வேலை என்று அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பெரிய படகு அந்தச் சேற்றுக் கால்வாய்களுக்குள் நுழையாது, நாணல் மண்டிய இடம், பார்க்க ஒரு முழு நாள் வேண்டும், காரணம் இல்லாமல் ஆளை அனுப்ப முடியாது என்றார். காரணம் அவள் தொண்டையில் இருந்தது. விழுங்கிவிட்டாள். போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனான், ஏழுக்குத்தான் போயிருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்துக்கு அடியில் தன் நோட்டும் தன் வேலையும் இருந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இதை நான் மன்னிக்க மாட்டேன். அவளும் மன்னிக்கவில்லை.

புதனும் வியாழனும் ஏழைச் சுற்றிச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு துரும்பு அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன்பிடிப் படகுக்காரர்கள் சிலர், தம்பி பாட்டில்களை அடுக்கிக் கொண்டுபோகிற வெள்ளைத் தெர்மகோல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். எங்கேயோ தெற்கே மிதந்துகொண்டிருந்ததாம். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. ஆய்வுக்கூடத்து மேஜையில் வைத்துத் தலைவர் அவிழ்த்தார். உள்ளே ஏழு பாட்டிலும் நிரம்பி இருந்தன.

“ஏழும் இருக்கு. அப்போ முடிச்சுட்டுத் திரும்பி வரும்போதுதான்...” என்று தலைவர் சொல்லி நிறுத்திக்கொண்டார். கூடத்துக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அந்த பெஞ்சுதான் அவளுக்கு வீடு. கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரியும், காதிலும் விழும்.

சொட்டக்கா ஏழாவது பாட்டிலைக் கையில் எடுத்தாள். விளிம்பு வரை தண்ணீர். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இல்லை. மூடிக்கு மேல் டேப் மூன்று சுற்று. சீட்டில் “7 – 12.40” என்று எழுதியிருந்தது, ஒரு எழுத்து கரையவில்லை. பென்சில். சொன்னதெல்லாம் செய்திருக்கிறான். இதையெல்லாம் செய்தவன் அதையும் செய்திருப்பானா?

உடனே மனசு மறுபக்கம் தாவியது. இல்லை, இல்லை. சீட்டை முகத்துவாரத்தில் உட்கார்ந்துகொண்டும் எழுதலாம். டேப்பை எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். அவன் என்ன லேசுப்பட்டவனா? அக்காவின் கண்ணுக்காக எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, தண்ணீரை மட்டும் அதே மணல் திட்டில் எடுத்திருப்பான். அப்படியானால் படகு அந்தச் சேற்றுக் கால்வாயில் எங்கேயோ சிக்கியிருக்கிறது. அவன் திட்டில் இருக்கிறான். கால் உடைந்திருக்கலாம், நாணலுக்குள் கிடக்கலாம், குடிக்க ஆற்றுத் தண்ணீர் இருக்கிறது. மூன்று நாள் ஒரு மனிதன் உயிரோடு இருக்கக்கூடிய இடம் அது. ஏழு அப்படிப்பட்ட இடம் இல்லை.

“சார், ஒரு விஷயம் சொல்லணும்” என்றாள்.

சொன்னாள். நோட்டைத் திறந்து இருபத்தொரு கட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு மாற்றி எழுதாத மனிதர். அந்தப் பக்கங்களில் எல்லாம் அவர் கையெழுத்து இருந்தது. கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்துத் தேடல் அதிகாரியைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். ஸ்பீக்கரில் அதிகாரியின் குரல் கேட்டது.

“மூணு நாளா இதைச் சொல்லாம இருந்தீங்களா?”

சொட்டக்கா திறந்திருந்த நோட்டை மூடினாள்.

“பெரிய படகையெல்லாம் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எங்கிட்ட மிச்சம் இருக்கிறது ஒரு சின்னப் படகும் அஞ்சு ஆளும். முகத்துவாரத்துக்கு அனுப்பினா ஏழுக்கு அனுப்ப முடியாது. ஏழுக்கு அனுப்பினா முகத்துவாரம் கிடையாது. இன்னையோட தேடல் முடியுது. பெட்டி கிடைச்ச இடத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அது எங்க வேணா மிதந்து போகும்.”

“பெட்டிதான் சார் மிதக்கும்” என்றாள் சொட்டக்கா. “பாட்டிலுக்குள்ள இருக்கிற தண்ணி எங்கேயும் போகாது. எங்க ரொப்பினானோ அங்கேயேதான் இருக்கும்.”

“நாலு மணிக்குள்ள சொல்லுங்க.”

மணி மூன்று பத்து. தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க கையால செய்யாதீங்கன்னுதான் சொல்லணும். வேற கை இல்ல. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். செய்ங்க.”

ஏழாம் பாட்டிலின் டேப்பை அவிழ்த்தாள். அளந்து உறிஞ்சுகிற பிப்பெட்டை அந்தத் தண்ணீராலேயே மூன்று தடவை அலசினாள். குடுவையில் அளந்து விட்டாள். மஞ்சள் மருந்து நாலு சொட்டு. வெள்ளியைக் குழாயில் பூஜ்யம் வரை நிரப்பினாள். அந்தக் கைக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம். பதினைந்தரை, பதினைந்தரை என்று உள்ளே ஜபித்துக்கொண்டே குழாயைத் திறந்தாள். தம்பி பொய் சொல்லியிருக்க வேண்டும். ஏமாற்றியிருக்க வேண்டும். எந்த அக்காவாவது தம்பி திருட்டுப்பயலாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாளா? அவள் வேண்டிக்கொண்டாள்.

பத்து வரை வேகமாக விடலாம், விட்டாள். வெள்ளையாகத் திரண்டது. பன்னிரண்டு. பதினாலு. இங்கிருந்து சொட்டுச் சொட்டாக. குடுவையைச் சுழற்றிக்கொண்டே விட்டாள். பதினைந்து. சொட்டு விழுந்த இடத்தில் ஒரு சிவப்புக் கீற்று வந்து, சுழற்றியதும் மறைந்தது. பதினைந்தரை. மஞ்சள். “கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்” என்று அவளே சொன்னாள். பதினாறு. மஞ்சள். பதினாறரை. மஞ்சள். பதினேழு தாண்டியதும் அவள் கையை எடுத்துவிட்டுக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு வந்து தனக்குத்தான் தெரியவில்லையோ என்று தோன்றியது. “சார், சிவந்திருக்கா பாருங்க.” அவர் குனிந்து பார்த்தார். “இல்லம்மா. மஞ்சள்தான்.”

பதினெட்டு. பத்தொன்பது. பத்தொன்பது புள்ளி நாலு இரண்டில் சிவந்தது. சுழற்றினாள். நிறம் மறையவில்லை.

“பத்தொன்பது நாலு ரெண்டு” என்று தலைவர் படித்தார்.

“உப்பு போட்டிருப்பான்” என்றாள்.

“என்ன?”

“ஒரு நாள் சொன்னான் சார். ஆத்துத் தண்ணில ஒரு பிடி உப்பைப் போட்டா உனக்குத் தெரியவா போகுதுன்னான். போட்டிருப்பான். என்னை ஏமாத்தப் போட்டிருப்பான்.”

ஒரு பிடி உப்பு சரியாக வந்து ஏழாம் நம்பர் எண்ணிலேயே உட்காராது. அது தலைவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மனசு அந்தக் கணக்கையெல்லாம் போடுமா? மணி மூன்று முப்பத்தைந்து. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “மக்னீசியம் பாத்துடலாம்” என்றார்.

சமையல் உப்பைக் கொட்டிக் குளோரைடை ஏற்றிவிடலாம். பேதி உப்பில் இருக்கிற மக்னீசியத்தையும் சுண்ணாம்பையும் படகில் வைத்துக்கொண்டு யாரும் கொட்ட மாட்டார்கள். அவை ஆற்றுமுகத்தில் எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும், பங்காளிகள் பொய்ச்சாட்சி சொல்ல மாட்டார்கள். இரண்டு மில்லி தண்ணீரை எடுத்தாள். அம்மோனியா சேர்த்தாள், கண் எரிந்தது. ஒரு சிட்டிகை கறுப்புத் தூள் போட்டதும் நாவல்பழச் சாறு நிறத்துக்கு வந்தது. இப்போது இன்னொரு மருந்து சொட்ட வேண்டும், அது நீலமாகிற இடம்தான் முடிவு. பத்தில் நீலமானால் முகத்துவாரம். பன்னிரண்டரையில் நீலமானால் ஏழு.

பத்தில் நீலம் ஆகவில்லை. பதினொன்றில் ஆகவில்லை. சொட்டுக்குச் சொட்டு நின்றாள். “ஆயிடுடா” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பன்னிரண்டு. பன்னிரண்டு புள்ளி ஆறில், பழச்சாறு நிறம் போய்த் தெளிந்த நீலம் வந்தது. அவள் குழாயை மூடினாள்.

தம்பி ஏமாற்றவில்லை. ஏழு வரை போயிருக்கிறான். கை நடுங்க நடுங்க, மூச்சு முட்ட முட்ட, கரை மறைந்த இடத்தில் தனியாக நின்று, மூன்று தடவை அலசி, விளிம்பு வரை ரொப்பி, பென்சிலால் எழுதியிருக்கிறான். மணி பன்னிரண்டு நாற்பது வரை உயிரோடு இருந்திருக்கிறான். அதற்கப்புறம் மூன்று நாள்.

மூன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது. தலைவர் எடுத்து அவளிடம் நீட்டினார். “சொல்லுங்கம்மா” என்றது அதிகாரியின் குரல். பதினைந்தரை என்று சொல்லிவிட அவள் நாக்கு எழுந்தது. சொன்னால் படகு முகத்துவாரத்துக்குப் போகும், ஐந்து பேர் நாணலை விலக்கி விலக்கிப் பார்ப்பார்கள், பொழுது சாயும் வரையாவது அவன் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். இருபத்தொன்று எழுதிய கைக்கு இருபத்திரண்டு பெரிதா?

“பத்தொன்பது புள்ளி நாலு ரெண்டு” என்றாள். “ஏழுதான் சார். ஏழுக்கே அனுப்புங்க.”

அதிகாரி, “ஏழு” என்று ஒரு தடவை திருப்பிச் சொன்னார். “சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

அவள் பேனாவை எடுத்து நோட்டில் இருபத்தொரு எண்ணையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். கடைசியில் இந்த மாதத்துக் கட்டத்தில் ஏழுக்கு எதிரே புது எண்ணை எழுதினாள். தலைவர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நடைபாதைக்கு வந்தாள்.

தம்பி மனைவி எழுந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

“அண்ணி, அப்போ அவர் ஏமாத்தல, இல்ல? நீங்க சார்கிட்ட சொன்னதைக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஏழு மாசமா பொய்யின்னு சொன்னீங்களே, எனக்கு உயிரே போயிடுச்சு.”

“இல்லம்மா. இந்தத் தடவை ஏமாத்தல. போயிருக்கான்.”

“ஏழு வரைக்கும்?”

“ஏழு வரைக்கும்.”

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. சொட்டக்காவின் கறுத்த விரல்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்காரவைத்தாள்.

“அவருக்குக் கடல்னா பயம்னு எனக்குத் தெரியவே தெரியாது அண்ணி. எங்கிட்ட சொன்னதே இல்ல. ராத்திரில திடீர்னு எழுந்து உக்காருவார், கேட்டா புழுக்கம்பார். செவ்வாக்கிழமை காலைல செருப்பு மாட்டும்போது சொன்னார், ‘இன்னைக்கு வந்ததும் நேரா அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன், சாப்பாடு அங்கதான்’னு. முகம் ஒரு மாதிரி தெளிவா இருந்துச்சு.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஏழு மாசமா போக முடியாத மனுஷன். நீங்க என்ன சொல்லி அனுப்பினீங்க அண்ணி அவரை?”

சொட்டக்கா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லிவிடலாம். தைரியம் சொன்னேன், முதுகைத் தட்டினேன் என்று சொன்னால் இந்தப் பெண் அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வாள். அன்று திட்டியதைக் கேட்டவர் யாரும் இல்லை, சரிபார்க்க வருகிறவரும் யாரும் இல்லை.

“தொடைநடுங்கின்னு சொன்னேன்” என்றாள். “சாப்பிடக்கூட விடாம அனுப்பினேன்.”

பிடித்திருந்த கைகள் அசையாமல் அப்படியே இருந்தன. பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரிந்து விலகிப் போயின. தம்பி மனைவி தன் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே தலைவர் குடுவைகளைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

பிறகு கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி, “அந்தப் பாட்டிலை நான் பாக்கலாமா?” என்று கேட்டாள்.

சொட்டக்கா உள்ளே போனாள். மிச்சமிருக்கிற தண்ணீரை ஒரு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், வெளியாள் கையில் கொடுக்கக் கூடாது என்பது விதி. தலைவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. அவள் மூடியை இறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். தம்பி மனைவி அதை மடியில் நிறுத்தி வைத்து, சீட்டின்மேல் விரலை ஓட்டினாள்.

“பென்சில்ல எழுதியிருக்கார். இவருக்குப் பென்சிலே பிடிக்காதே.”

“ஆமாம்மா. பென்சில்ல எழுதுன்னும் நான்தான் சொன்னேன்.”